டயர் கடைக்காரரின் வாக்குமூலம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் கடைசிவரை கேட்கமாட்டேன். பாதியிலேயே அதைத் திருத்தத் தொடங்கிவிடுவேன். இதை முதலில் சொல்லுங்கோ, அதை விடுங்கோ, தேதி சரியாத் தெரியாட்டித் தெரியாது எண்டே சொல்லுங்கோ. என் கணவர் இதனாலேயே என்னிடம் எதையும் விபரமாகச் சொல்வதில்லை. "உன்னட்டைச் சொன்னால் நான் மீன் வாங்கப் போன கதையும் கேஸ் மாதிரி வரும்" என்பார்.

தொழிலால் வந்த பழக்கம் அது. பல வருடங்கள் லண்டனில் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். குரோய்டனில் உள்ள அந்தப் பெரிய அரசாங்கக் கட்டிடத்தில், எங்கள் சனம் உள்ளங்கை வியர்க்க உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அங்கே அந்த விதியைத் தவறாமல் காத்தேன். ஆனால் சனி ஞாயிறுகளில் சட்டன் என்ற பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் வேறு வேலை நடக்கும். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுப்பேன். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்து, முதலில் வீடு, பிறகு கடை, பிறகு யார் வந்தது, எத்தனை பேர், எங்கே ஒளித்தீர்கள் என்று ஒழுங்காகக் கேட்பேன்.

பொய் எழுதினேன் என்று நினைத்துவிட வேண்டாம். நடந்ததை அதிகாரிக்கு விளங்குகிற மாதிரி அடுக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். சரி, சில இடங்களில் கேஸைக் கெடுக்கிற ஒரு துண்டை எடுத்துவிட்டேன். எல்லோரும் செய்தார்கள். செய்யாவிட்டால் பாதிச் சனம் இன்றைக்கு இந்த ஊரில் இருக்காது.

போனில் மொழிபெயர்க்கும் காலம் வந்தபிறகு அந்த வேலை குறைந்துபோக, ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிகிற மேசைக்கு வேலைக்குப் போனேன். அங்கேதான் அவளைச் சந்தித்தேன். நர்ஸ். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பெண். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுபோன தமிழரின் ஐந்தாவது தலைமுறை. தமிழில் பத்துச் சொல் தெரியும். அதில் நான்கு சாப்பாடு. ஆனால் மனோர் பார்க் முருகன் கோயிலுக்கு என்னோடு வந்தபோது, ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்த தேவாரத்தைப் பார்த்துப் பாடினாள் பாருங்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இங்கே பிறந்து சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் போன என் பிள்ளைகள் இரண்டும் வாயைத் திறக்காமல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம். எழுதும்போது என் யாழ்ப்பாணத் தமிழைத்தான் அவளுக்குக் கொடுக்க முடிகிறது. 'அக்கா' மட்டும் அவளுடைய சொந்தச் சொல். சந்தித்த முதல் வாரத்திலேயே என்னை அப்படிக் கூப்பிட்டாள். நான் அதிலேயே விழுந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் ஊரைப் பற்றிச் சொல்வாள். நாளுக்கு எட்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த காலம், குழாயில் தண்ணீர் வராத வாரங்கள், கள்ளருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே படுக்கையறைக்கும் சமையலறைக்கும் இடையில் இரும்புக் கதவு. "வெள்ளைக்காரர் கோடு கீறி வைச்சவை அக்கா. மேட்டில அவை, நடுவில நாங்கள், ஆத்துக்கு அங்கால கறுப்புச் சனம். விடுதலை வந்து எவ்வளவு காலம்? அந்தக் கோடுகளை ஒருத்தரும் அழிக்கேல்லை. ஆத்துக்கு அங்கால இருக்கிறவை வேலைக்குப் போறதெண்டால் இண்டைக்கும் எங்கட ரோட்டாலதான் நடந்து போகவேணும்." எல்லோருக்கும் வோட்டு வந்தது, வேலை வரவில்லை என்பாள். களவு எடுத்த மந்திரிமாரை ஒருவர் விடாமல் திட்டுவாள். கோயில் வரிசையில் எங்கள் சனம் வாசலில் நின்ற கறுப்பினக் காவலாளியைக் காப்பிலி என்று சொன்னதைக் கேட்டு, அது என்ன சொல் என்று ஒருநாள் கேட்டாள். தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எங்கட நாட்டில இதைச் சொன்னால் நீதவானுக்கு முன்னால நிக்கவேணும்" என்றாள். எனக்கு முகம் சுட்டது. நானும் அதை எத்தனையோ தரம் சொன்னவள்தான்.

அவளுக்கு ஒரு தம்பி. நாற்பது வயது, டயர் கடை. ஒரு பெரிய அரசியல்வாதியைச் சிறையில் போட்டதில் தொடங்கி அந்த ஊரே பற்றி எரிந்த கலவரத்தில் அவனுடைய கடையும் எரிந்தது. கடையின் படத்தை அவள் போனில் காட்டினாள். கறுத்த சுவர், உருகிய தகரம், பெயர்ப்பலகையில் போன் நம்பர் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்த கணத்தில் நான் கொழும்புக்குப் போய்விட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயதில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், எங்கள் அப்பாவின் கடை அப்படித்தான் எரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் சாமான் அறையில் இரண்டு நாள் வைத்திருந்தது. கடையை எரித்த கூட்டத்தின் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஐயோ, இவர்களும் எங்களைப் போலத்தானே என்று வாய்விட்டே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சில வருடங்கள் கழித்துத் தம்பி விசிட் விசாவில் வந்து குரோய்டனில் அவளுடைய பிளாட்டில் இறங்கினான். விசா முடிய ஆறு வாரம் இருந்தபோது அவள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, அவன் திரும்பிப் போகேலாது. போனால் உயிர் இல்லை. நீங்கள் உங்கட ஆக்களுக்கு எழுதிக் குடுத்தமாதிரி அவனுக்கும் எழுதித் தாங்கோ."

"ஓம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கடை எரிந்த மனிதன், எங்கள் இரத்தம், வேறென்ன வேண்டும்?

அவன் அதிகம் பேசாதவன். பெரிய கைகள், நகத்துக்குள் இன்னும் றப்பர்க் கறுப்பு. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என் மேசையில் இருந்தான். கடை எரிந்ததைச் சொன்னான். பொலிஸ் போன் எடுக்கவில்லை, பேக்கரியில் பாணுக்கு வரிசை, கடைகள் எல்லாம் காலி, தெருவில் யாரும் நித்திரை கொள்ளவில்லை. கொள்ளையடிக்கிறவர்கள் உள்ளே வராமல் தெருச் சனம் அவன் வீட்டு வளவில் கிடந்த பழைய டயர்களைப் போட்டு ரோட்டை மறித்தார்கள். அதற்கு மேல் கேட்டால் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு அந்த மௌனம் பழக்கம். அடி வாங்கியவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று, இடைவெளிகளை நானே நிரப்பினேன். எதைக் கொண்டு நிரப்பினேன்? என்னிடம் இருந்த ஒரே கலவரத்தைக் கொண்டு. கூட்டம் வந்தது, கத்தியது, குடும்பம் ஒளித்தது, அயலவர்கள் ஒருவரை ஒருவர் காப்பாற்றினார்கள். அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நல்ல ஆங்கிலத்தில் ஏழு பக்கம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நான் எழுதியவற்றிலேயே திறமான வாக்குமூலம் அதுதான். அன்றைக்கே அவளுக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு வாசித்துக் காட்டும் நாள். வாக்குமூலத்தைச் சொந்தக்காரருக்கு வரிவரியாக வாசிக்க வேண்டும், அவர் சரி என்று சொன்னபிறகுதான் கையெழுத்து. அக்காவும் தம்பியும் வந்திருந்தார்கள். மத்தியானம், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் எழுத்தை நானே ரசித்து வாசித்தேன். ஐந்தாம் பக்கத்தில் ரோட்டை மறித்த இடம். 'குடியிருப்பாளர்கள் தங்கள் குடும்பங்களைப் பாதுகாக்கவே அங்கே நின்றார்கள். அந்தத் தடையில் ஒருவருக்கும் காயமில்லை.'

அவன் தன் கையை எடுத்து அந்தப் பக்கத்தின் மேல் வைத்தான்.

"அதை நான் சொல்லேல்லை" என்றான்.

"எதை?"

"ஒருத்தருக்கும் காயமில்லை எண்டதை. நான் சொல்லேல்லை. நீங்களா எழுதினது."

அக்காக்காரி சட்டென்று, "டேய், வேண்டாம்" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கிவிட்டது, அவளுக்கு எல்லாம் தெரியும். பேனையை மூடி வைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் கதையைக் கடைசிவரை திருத்தாமல் கேட்டேன்.

கலவரத்தின் மூன்றாம் நாள் பின்னேரம் நாலு மணி. டயர்கள் அவனுடையவை என்பதால் தடை அவன் வீட்டு வாசலிலேயே இருந்தது. ஒரு மனிதன் நடந்து வந்தான். கறுப்பர், நாற்பது வயது வரும், வேலைத்தலச் சட்டை. பஸ் ஓடவில்லை, மூன்று மணித்தியாலம் நடந்து வருகிறேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு என்று கையை நீட்டிக் காட்டினான். அவனிடம் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு சோடிப் பள்ளிக்கூடச் சப்பாத்து, சின்னப் பிள்ளையின் அளவு, புதுசு. நகரம் முழுக்கக் கடைகளை உடைத்துச் சாமான் தூக்கிக்கொண்டு போன நாட்கள் அவை.

"நான்தான் கேட்டனான்" என்றான் தம்பி. "ரசீது எங்க எண்டு."

அந்த மனிதன் சட்டைப் பையைப் பார்த்தான். காற்சட்டைப் பைகளைப் பார்த்தான். திரும்பவும் சட்டைப் பை. "நாலு தரம் பாத்தவர் அக்கா. ஒரே பையை நாலு தரம். ஒரு கிழமைக்கு முந்தி வாங்கினது, வேலையில வைச்சிருந்தனான் எண்டு சொன்னவர். நான் சொன்னனான், பையை வைச்சிட்டுப் போ எண்டு. மாட்டன் எண்டுட்டார். மகளுக்கு வாங்கினது எண்டார்."

அதற்குள் நாலு பேர் சுற்றிவிட்டார்கள். ஒருவன் கையில் கிரிக்கெட் மட்டை. முதல் அடி விழுந்ததும் தம்பி கேற்றைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய் டீவியின் சத்தத்தைக் கூட்டினான். வெளியே வந்தபோது அந்த மனிதன் டயர்களுக்குப் பக்கத்தில் கிடந்தான். உயிர் இல்லை.

"ஆர் அடிச்சதெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"நாலு பேரையும் தெரியும். ஒருத்தன்ர கலியாணத்துக்கு நான்தான் மாப்பிள்ளைத் தோழன்."

பொலிஸ் விசாரணைக்கு வர நீண்ட காலம் எடுத்தது. இறந்தவனின் மனைவி விடவில்லை. ஒவ்வொரு வாசலாக வந்து தட்டினாள். எரிந்த கடையின் பலகையில் இருந்த நம்பரைப் பார்த்து இவனுக்குப் போன் எடுத்தாள். ரசீது தன் வீட்டுச் சமையலறை மேசை லாச்சிக்குள் இருந்ததாகச் சொன்னாள். அந்த மனிதன் கவனமான ஆள். தொலைந்துபோகும் என்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதைக் கேட்டபிறகு இவன் பொலிசிடம் போய், நான் பார்த்தேன், கோர்ட்டில் சொல்கிறேன் என்று பதிந்துவிட்டு வந்தான். அடுத்த கிழமை நாலு பேரில் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கத்தவில்லை. மரியாதையாக உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, இவனுடைய மகள் எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று கேட்டான். போகும்போது, "உன்ர அக்கா லண்டனிலயெல்லோ? ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாவன்" என்றான்.

இவன் மனைவியையும் மகளையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே வந்தது அப்படித்தான். அவனைத் துரத்தியது எந்தக் கூட்டமும் இல்லை. அவனுடைய தெரு. எங்கள் ஆட்கள்.

கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. "உனக்கு எல்லாம் தெரியும், என்ன?" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். "எரிஞ்ச கடையை மட்டும் காட்டினனி."

"காட்டாட்டி எழுதியிருப்பீங்களோ?" என்றாள்.

கொஞ்சம் ஆறியதும் தொழில் தெரிந்தவளாகப் பேச முயன்றேன். உண்மையும் ஒரு கேஸ்தான், சாட்சி சொல்ல வந்தவனை மிரட்டுகிறார்கள் என்று எழுதலாம், வேறு ஏழு பக்கம் எழுதுகிறேன், இதைக் கிழியுங்கள் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"என்ன கேப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ அக்கா? ரோட்டை மறிச்சது ஆர்? டயர் ஆருடையது? ரசீது கேட்டது ஆர்? அதோட இவனும் குற்றவாளி. இல்லாட்டி, அங்க சாட்சிக்குப் பாதுகாப்பு இருக்கு, போய்ச் சாட்சி சொல் எண்டு விமானத்தில ஏத்துவினம். அந்தப் பாதுகாப்பு எப்பிடி எண்டு எங்களுக்குத் தெரியும்."

"அந்த மனுசிக்கு இவனை விட்டால் வேற சாட்சி இல்லை. வழக்கு செத்துப்போம்."

"உங்கட ஆக்களுக்கு எத்தினை எழுதினீங்கள்? அவையள் எல்லாரும் கை சுத்தமோ? ஒருத்தனும் ரோட்டை மறிக்கேல்லையோ, ஒருத்தனும் ஆளைக் காட்டிக் குடுக்கேல்லையோ? அதையெல்லாம் எடுத்துப்போட்டுத்தானே எழுதினீங்கள்? எங்களுக்கு வரேக்க மட்டும் நீதி கேக்கிறீங்கள்."

அவள் சொன்னது சரி. எத்தனை பேருக்கு எதை எடுத்துவிட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். எடுத்துவிட்ட துண்டுகளுக்குள்ளும் யாரோ ஒருவர் ரோட்டில் கிடந்திருக்கலாம். நான் எட்டிப் பார்க்கவில்லை.

நான் இனி எழுதமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் எழுந்து போனார்கள். பிஸ்கட் அப்படியே இருந்தது.

அதன்பிறகு ஆஸ்பத்திரியில் அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டாள். நோயாளிகளின் பைலை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். ஒருநாள் என் கணினியில் பழைய ஈமெயிலைத் தேடும்போது அந்த ஏழு பக்கமும் கண்ணில் பட்டது. அட விசரி, இதை அன்றைக்கே அவளுக்கு அனுப்பிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவளிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "அதைத்தான் குடுத்திட்டம்" என்றாள். "லோயரும் நல்லா எழுதியிருக்கு எண்டவர். வாற செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ."

செவ்வாய்க்கிழமை நான் லீவு எடுத்தேன். கணவரிடம் பல்லு டொக்டர் என்று பொய் சொல்லிவிட்டுக் காலையிலேயே குரோய்டனுக்குப் போனேன். அந்தக் கட்டிடத்தைப் பார்த்து எவ்வளவோ காலம். வாசலில் பைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதே வரிசை, நாடுகள் மட்டும் மாறியிருந்தன. அவர்கள் இருவரும் ட்ராமில் இருந்து இறங்கி வந்தார்கள். அவன் அளவில்லாத ஒரு கோட் போட்டிருந்தான்.

"இப்ப ஏன் வந்தனீங்கள்?" என்று அவள் மறித்தாள்.

"உன்னோட கதைக்க வரேல்லை. தம்பியோட ஒரு நிமிசம்."

அவனிடம் என் அண்ணையைப் பற்றிச் சொன்னேன். கடை எரிந்து ஏழெட்டு வருடங்களுக்குப் பிறகு, நாங்கள் கொழும்பில்தான் இருந்தோம். தெருமுனைச் சோதனைச்சாவடியில் அண்ணையை மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஜீப்பில் ஏற்றினார்கள். அதோடு சரி. எதிரே மருந்துக்கடை வைத்திருந்த தமிழர் எல்லாவற்றையும் பார்த்தவர். ஜீப்பின் நம்பரைக்கூடப் பார்த்தவர். அம்மா அவருடைய காலில் விழாத குறை. அவர் ஒரு மாதத்துக்குள் கடையைப் பூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அம்மா சாகும்வரை அந்த நம்பரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணையைத் திருப்பித் தரும்படி கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார். அந்த நம்பர் மட்டும் போதும் என்றார்.

"அந்த மனுசனை நான் முப்பது வருசமா வெறுக்கிறன்" என்றேன். "தம்பி, நான் எழுதினதைச் சொல்லாதையுங்கோ. பாத்ததைச் சொல்லுங்கோ. பிறகு வாறது வரட்டும்."

அவன் என்னையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது. அவன் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"அவர் நிண்டு சொல்லியிருந்தால், அக்கா, அவரை உயிரோட விட்டிருப்பினமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "இல்லை" என்றேன். "விட்டிருக்கமாட்டினம்."

அவன் தலையை ஆட்டிவிட்டு அக்காவோடு வரிசையில் போய் நின்றான். நான் எதிர்ப்பக்கக் கடை ஒன்றில் கோப்பி வாங்கி, ஆற விட்டுவிட்டு, அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பார்வையாளர்கள் இருக்கும் இடத்தில் அவளுக்கு இடம் கொடுத்திருப்பார்கள். அவனுக்கு முன்னால் ஒருவர் தட்டச்சு செய்வார், கேள்விக்குப் பிறகு பதில் வரும்வரை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அந்த அறையின் ஒவ்வொரு நிமிடமும் எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தார்கள். நான் ரோட்டைக் கடந்து போனேன். அவளுடைய முகம் மலர்ந்திருந்தது. என்மேல் இருந்த கோபத்தைக்கூட மறந்திருந்தாள்.

"நல்லாப் போச்சுது அக்கா. ரோட்டில ஆருக்கும் ஏதும் நடந்ததோ எண்டு மூண்டு தரம் கேட்டவையாம். நீங்கள் எழுதின மாதிரியே, ஒருத்தருக்கும் காயமில்லை எண்டு சொல்லியிருக்கிறான். ஒரு சொல் மாறேல்லை."

அவன் போனை எடுத்து இயக்கினான். உள்ளே நிறுத்தி வைத்திருந்திருக்கிறான். இயக்கியதும் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. நம்பரைப் பார்த்ததும் அவனுக்கு முகம் மாறியது. அழுத்தினான். சத்தம் கூடி இருந்ததால் மூன்று பேருக்கும் கேட்டது.

இறந்தவனின் மனைவிதான். ஆங்கிலத்திலேயே பேசினாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "வணக்கம் அண்ணை. உங்களுக்குக் கரைச்சல் தாறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வெள்ளிக்கிழமை வழக்கு. நீங்கள் வராட்டி மூடிப்போடுவம் எண்டு அரசாங்க வக்கீல் சொல்லிப்போட்டார். நீங்கள் அடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். வர ஏலாட்டி வீடியோவிலயும் சொல்லலாமாம், நான் கேட்டுப் பாத்தனான். மகள் கேக்கிறாள், அப்பா களவெடுத்தவரோ எண்டு. பள்ளிக்கூடத்தில பிள்ளையள் சொல்லுதுகளாம். நீங்கள் ஒருக்கா அவளுக்காகச் சொல்லுங்கோ. நன்றி அண்ணை."

பக்கத்தில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவன் போனை என்னிடம் நீட்டினான்.

"என்ன எழுதிறது அக்கா? நீங்கள் எழுதித் தாங்கோ."

நான் வாங்கவில்லை. அவன் இன்னும் நீட்டிக்கொண்டே நின்றான். அவள்தான் அதை வாங்கினாள். திரையில் இரண்டு இடத்தில் தட்டினாள். செய்தியும் அழிந்துவிட்டது, அந்த நம்பரும் இனி வராது. "முடிஞ்சுது" என்று போனை அவன் கோட்டுப் பைக்குள் வைத்தாள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை வாங்கோ அக்கா. கறி வைச்சிட்டு வந்தனான்."

நான் அக்காவாகிவிட்டேன்.

உள்ளே இருக்கிற அதிகாரி இன்னும் அந்தப் பைலைக் கட்டியிருக்கமாட்டார். எந்த மேசைக்குப் போக வேண்டும், என்ன பெயர் சொல்ல வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் எல்லாம் எனக்கு அத்துப்படி. இது நான் எழுதியது, அந்த வரி பொய், அந்த மனிதனை இவன் வாசலில் கொன்றார்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொன்னால் இவனை அனுப்புவார்கள். அனுப்பினால் அந்தத் தெரு இவனை விடாது, நானே காலையில் என் வாயால் சொன்னேன். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு ஒரு பிள்ளையின் தகப்பன் கள்ளனாகவே இருந்துவிடுவான். வாசல் முப்பது அடி தூரத்தில், அகலத் திறந்துதான் இருந்தது.

ட்ராம் வந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். ஏறிவிட்டேன்.